யார்டில் நிற்கும் டிரெய்லரை மாட்டுவதற்கு முன்: சேலம் ஓட்டுநர்களுக்கு முழுமையான வழிகாட்டி

டிரெய்லரை இழுக்கும் முன்வண்டியான ஹார்ஸுக்கு ஒரு ஓட்டுநர் இருப்பார். டிரெய்லருக்கு அப்படி யாரும் இல்லை. இந்த வாரம் ஒருவர் இழுப்பார், அடுத்த வாரம் வேறொருவர். ஆயில் மாற்ற ஹார்ஸ் பட்டறைக்குப் போகும். டிரெய்லரைத் திரும்பிப் பார்ப்பது பெரும்பாலும் எஃப்சி (தகுதிச் சான்று) சமயத்தில்தான். "அந்த ஓரத்துல நிக்குது, மாட்டிட்டுக் கிளம்புங்க" என்று ஆபீஸில் சொன்னதும் மாட்டிக்கொண்டு போனால், முன்னால் ஓட்டியவர் சொல்லாமல் விட்ட பழுது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் உங்கள் தலையில் விடியும்.

சட்டமும் அந்த இடத்தில் உங்களைத்தான் பார்க்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 190ஆம் பிரிவின்படி, தெரிந்த பழுதோடு ஓட்டுவது மட்டும் குற்றம் இல்லை. சாதாரணமாகக் கவனித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய பழுதோடு ஓட்டுவதும் குற்றம். 'வண்டி என்னுடையது இல்லை' என்ற பதில் அங்கே செல்லாது.

கீழே உள்ள வரிசைப்படி பார்த்தால், பழகியவருக்கு 30 நிமிடம், புதியவருக்கு 45 நிமிடம் ஆகும். வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படியைப் பாதுகாப்பாகச் செய்வதற்காகவே முன்னால் இருக்கிறது.

1. கேபினில் எப்போதும் இருக்க வேண்டியவை

நல்ல டார்ச், டயர் காற்று பார்க்கும் கேஜ், ஒரு முழ நீள இரும்பு ராட், அளவு டேப், சாக்பீஸ், சோப்புத் தண்ணீர் ஊற்றிய புட்டி. நாலு மரக்கட்டை அல்லது ரப்பர் கட்டை. கல் வேண்டாம், பாரம் ஏறினால் உருளும் அல்லது உடையும்.

உதிரியாக ஏர் ஹோஸ் கப்ளிங் ரப்பர் நாலு, ஒரு ஏர் ஹோஸ், டெயில் லைட் பல்பு, ஃபியூஸ், பத்தடி வயர், இன்சுலேஷன் டேப். இவற்றில் கப்ளிங் ரப்பர்தான் மலிவானது. நடுவழியில் அதிகம் தேட வைப்பதும் அதுதான்.

கோடு போட்ட ஒரு நோட்டும் வேண்டும். எதற்கு என்று 9ஆம் படியில் தெரியும்.

2. முதலில் கட்டை, அடுத்து காகிதம்

டிரெய்லர் அருகே போனதும், எதையும் தொடுவதற்கு முன் பின் ஆக்சிலில் இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். எல்லா டிரெய்லரிலும் ஸ்பிரிங் சேம்பர் (காற்று இறங்கினாலும் ஸ்பிரிங் அழுத்தத்தில் பிரேக்கைப் பிடித்து வைக்கும் உறை) இருப்பதில்லை. அது இல்லாத டிரெய்லரை நிறுத்தி வைத்திருப்பது டேங்கில் உள்ள காற்று மட்டும்தான். ஓரிரு நாள் நின்றால் காற்று மெல்லக் கசிந்து பிரேக் தானாக விட்டுவிடும். மாட்டப் போகும் நேரத்தில் டிரெய்லர் பின்னால் நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது காகிதம். டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண், தனி ஆர்சி, தனி எஃப்சி உண்டு. ஹார்ஸின் எஃப்சியைக் காட்டினால் போதும் என்று நினைப்பது புதியவர்கள் செய்யும் தவறு. 8 வருடம் வரையான வண்டிக்கு எஃப்சி 2 வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடம் ஒருமுறை. யார்டில் நிற்கும் டிரெய்லர் பழையதாக இருந்தால் தேதியை இன்னும் கவனமாகப் பாருங்கள். பின் தகட்டில் உள்ள எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டு எஃப்சி, இன்சூரன்ஸ் தேதிகளை நீங்களே பாருங்கள். ஆபீஸ் கோப்பில் உள்ள நகல் போன வருடத்தியதாக இருக்கலாம்.

3. மாட்டாமலே ஒரு சுற்று

ஹார்ஸை மாட்டிய பிறகு டர்ன்டேபிளுக்கு (ஹார்ஸின் பின்பக்கம் டிரெய்லர் உட்காரும் தகடு) மேலே இருப்பது எதுவும் தெரியாது. அதனால் கிங் பின்னை (டிரெய்லரின் அடியில், ஹார்ஸோடு பூட்டும் இரும்பு முளை) இப்போதே டார்ச் அடித்துப் பாருங்கள். 2 அங்குல பின் புதிதாக 50.8 மி.மீ. இருக்கும். 49 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். காலிப்பர் இல்லாவிட்டாலும், பின்னின் கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் பள்ளம் விழுந்திருப்பது கண்ணுக்கே தெரியும். பின்னைச் சுற்றியுள்ள தகட்டில் வெல்டிங் விரிசல் இருந்தால் அந்த டிரெய்லரைத் தொடவே வேண்டாம்.

அங்கிருந்து இடது பக்கமாகப் பின்னால் போய், வலது பக்கமாக முன்னுக்கு வாருங்கள். எப்போதும் ஒரே திசையில் சுற்றினால்தான் எதுவும் விடுபடாது.

பட்டைக் கட்டில் (ஸ்பிரிங் பட்டைகள்) உடைந்த பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். யூ போல்ட் நட்டின் அடியிலிருந்து செந்நிறத் துரு கோடாக வழிந்திருந்தால் நட்டு தளர்ந்து ஆடுகிறது என்று அர்த்தம். ஆக்சில் உட்காரும் இடத்தில் துருவுக்கு நடுவே பளபளவென்று புது இரும்பு தெரிந்தால் சென்டர் போல்ட் போய் ஆக்சில் நகர்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட டிரெய்லர் நேர்ரோட்டில் நண்டு மாதிரி கோணலாக வரும்; டயரை ஒரே ட்ரிப்பில் தின்றுவிடும். சந்தேகம் இருந்தால் இரண்டு பக்கமும் அடுத்தடுத்த ஆக்சில்களின் நடுவுக்கு நடு தூரத்தை டேப் வைத்து அளந்து ஒப்பிடுங்கள்.

ஸ்டீல் காயில் ஏற்றுவதென்றால் தரைத் தகடு, செயின் கொக்கி, கட்டும் வளையம். கண்டெய்னர் என்றால் அதன் மூலைகளைப் பூட்டும் ட்விஸ்ட் லாக் நாலும் கையால் திரும்புகிறதா என்று. துருப்பிடித்து இறுகிய லாக்கை லோடிங் இடத்தில் சுத்தியால் அடித்துக்கொண்டிருந்தால் உங்கள் வரிசை போய்விடும்.

4. டயர், நட்டு, ஹப்

மூன்று ஆக்சில் டிரெய்லரில் 12 டயர். ராடால் ஒவ்வொன்றையும் தட்டுங்கள், உள் டயரையும் சேர்த்து. காற்றுள்ள டயரில் ராட் துள்ளித் திரும்பும். காற்றில்லாத டயரில் தொப்பென்று அமுங்கும். ஆனால் ராட் காட்டிக்கொடுப்பது முற்றாக இறங்கிய டயரை மட்டும்தான். 20 விழுக்காடு குறைந்ததைக் காட்டாது. அதற்குக் கேஜ்தான். 115 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயரில் 92க்குக் கீழே இருந்தால் அதைப் பஞ்சர் டயராகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஜோடியில் ஒன்றில் காற்றுக் குறைந்தால் அதன் பாரமும் பக்கத்து டயருக்கே போகும். முதலில் வெடிப்பது பல நேரம் காற்று சரியாக இருந்த அந்த டயர்தான்.

காற்றை டயர் ஆறியிருக்கும்போதே அளக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் சேலத்து மதிய வெயிலில் ஓடி வந்த டயரில் அளவு ஏறியிருக்கும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால் இரவில் ஆறியதும் குறைவாக நிற்கும்.

பட்டன் (டயரின் மேல் பள்ளம்) ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறைந்த டயரில் ஓட்டுவது விதிமீறல். இரட்டை டயர்களுக்கு நடுவே கல் மாட்டியிருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

வீல் நட்டுகளைச் சுற்றித் துரு வழிந்திருந்தாலும், டிஸ்க் ஓட்டை முட்டை வடிவாகியிருந்தாலும் நட்டு தளர்வு. எல்லாம் இறுக்கிய பிறகு ஒவ்வொரு நட்டின் மேலிருந்தும் ஆரம்பித்து டிஸ்க் வரை ஒரே கோடாகச் சாக்பீஸ் போடுங்கள். நட்டு அசைந்தால் கோடு முறிந்து தெரியும். டீக்கு நிறுத்தும்போது குனிந்து பார்த்தாலே போதும். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும். டிஸ்க் படிந்து உட்கார்வதால் முதல் இறுக்கம் தளரும்.

ஹப் மூடியின் ஓரத்தில் கிரீஸ் கசிந்து டிஸ்கில் நட்சத்திரம் மாதிரி தெறித்திருந்தால் சீல் போயிருக்கிறது. அந்தக் கிரீஸ் உள்பக்கம் லைனரில் (டிரம்மை உரசி நிறுத்தும் பிரேக் பட்டை) பட்டால் அந்தச் சக்கரத்தில் பிரேக் இருக்காது.

5. மாட்டுதல்

பின்னுக்கு எடுக்கும் முன் இறங்கி உயரத்தைப் பாருங்கள். டிரெய்லரின் அடித்தகடு டர்ன்டேபிளைவிட 1 முதல் 2 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஹார்ஸ் உள்ளே போகும்போது டிரெய்லரைச் சற்றுத் தூக்கிக்கொண்டு போய், கிங் பின் டர்ன்டேபிளின் பூட்டுத் தாடைக்குள் நேராக விழும். டிரெய்லர் உயரமாக இருந்தால் பின் தாடைக்கு மேலே உட்காரும். மாட்டியது போலவே தெரியும். முதல் திருப்பத்தில் கழன்றுவிடும். லேண்டிங் லெக் (டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் கால்) கைப்பிடியைச் சுற்றி உயரத்தைச் சரிசெய்த பிறகே பின்னுக்கு எடுங்கள்.

'டக்' என்ற சத்தம் கேட்டால் பூட்டிவிட்டது என்று நம்பாதீர்கள். இறங்கி டார்ச் அடித்துப் பாருங்கள். தகட்டுக்கும் டர்ன்டேபிளுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக்கூடாது. தாடை பின்னைச் சுற்றி முழுதாக மூடியிருக்க வேண்டும். லாக் கைப்பிடி முழுதும் உள்ளே போயிருக்க வேண்டும்.

ஹோஸ் மாட்டும்போது மஞ்சள் (மிதிக்கும்போது காற்று போகும் ஹோஸ்) முதலில், சிவப்பு (டிரெய்லர் டேங்கை நிரப்பும் ஹோஸ்) பிறகு. சிவப்பு வழியாகக் காற்று உள்ளே போனதும் டிரெய்லர் பிரேக் விட்டுவிடும். அந்த நேரத்தில் மஞ்சள் இல்லாவிட்டால், மிதித்தாலும் டிரெய்லரில் பிரேக் பிடிக்காது.

பிறகு டிரெய்லர் பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் மெல்ல இரண்டு முறை முன்னுக்கு இழுத்துப் பாருங்கள். பிடித்து நின்றால்தான் லேண்டிங் லெக்கைத் தூக்க வேண்டும். இழுத்துப் பார்க்காமல் லெக்கைத் தூக்கி, பூட்டும் விழாமல் இருந்தால், டிரெய்லர் மூக்கு தரையில் குத்தும். லெக்கை முழுதும் மேலே ஏற்றிக் கைப்பிடியை மடக்கி மாட்டுங்கள். அரைகுறையாக ஏற்றிய லெக் வேகத்தடையில் அடிபட்டு வளைந்துவிடும்.

6. காற்றும் பிரேக்கும்

மொத்த நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள். டிரெய்லர் பிரேக் வேலை செய்யாவிட்டால் மொத்தப் பாரத்தையும் ஹார்ஸ் பிரேக்தான் தாங்க வேண்டும். மூன்று ஆக்சில் ஹார்ஸும் மூன்று ஆக்சில் டிரெய்லரும் சேர்ந்தால் சட்டப்படி 55 டன் வரை போகலாம். அந்தப் பாரம் பின்னாலிருந்து தள்ளினால் முன்வண்டி மடங்கும்.

கட்டைகள் போட்டபடியே இருக்கட்டும். காற்று முழுதும், சுமார் 8 பார் வரை, ஏறட்டும். இன்ஜினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விட்டு, பிரேக்கை நன்றாக மிதித்துப் பிடித்து முள்ளை 1 நிமிடம் பாருங்கள். முதலில் ஒரு தடவை இறங்குவது இயல்பு. அதன் பிறகு ஒரு நிமிடத்தில் 0.3 பாருக்கு மேல் இறங்கினால் கசிவு.

எங்கே கசிகிறது என்று தேடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. மிதிக்கும்போது மட்டும் 'ஸ்ஸ்' என்று கேட்டால் மஞ்சள் ஹோஸ் அல்லது சேம்பர் டயாஃப்ரம். மிதிக்காமலே கேட்டால் சிவப்பு ஹோஸ், கப்ளிங் ரப்பர், டேங்க் வடிகால் வால்வு அல்லது ரிலே வால்வு. இந்த ஒரு கேள்வியே தேடும் இடத்தைப் பாதியாக்கும். பிறகு சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஹார்ஸுக்குப் பின்னால் ஹோஸ் தொங்கித் தகட்டில் உரசும் இடத்தை விட்டுவிடாதீர்கள். உள் நூல் வெளியே தெரிந்த ஹோஸை டேப் சுற்றி ஓட்டக்கூடாது.

அடுத்து புஷ் ராட், அதாவது காற்று தள்ளும்போது சேம்பரிலிருந்து வெளிவந்து பிரேக்கைப் பிடிக்க வைக்கும் தண்டு. பிரேக் விட்ட நிலையில், சேம்பரிலிருந்து ராட் வெளிவரும் இடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள். காற்று 6 பார் அளவில் இருக்கும்போது கிளீனரை நன்றாக மிதிக்கச் சொல்லி, குறி எவ்வளவு வெளியே வந்தது என்று அளங்கள். தனி ஆள் என்றால் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே கட்டை கொடுத்துக்கொள்ளலாம். வழக்கமான 30 வகைச் சேம்பரில் 2 அங்குலத்துக்கு மேல் வந்தால் பிரேக் தளர்ந்திருக்கிறது.

ஆறிய டிரம்மில் 2 அங்குலத்தை ஒட்டி நிற்பதும் சரியில்லை. இறக்கத்தில் டிரம் சூடேறி விரியும், லைனரிலிருந்து விலகிப்போகும். ராட் இன்னும் தூரம் வந்தால்தான் பிடிக்கும். ஆனால் அதற்கு மேல் வரச் சேம்பரில் இடம் இருக்காது. யார்டில் நன்றாகப் பிடித்த பிரேக் மலையில் பிடிக்காமல் போவது இப்படித்தான்.

கையால் திருகும் ஸ்லாக் அட்ஜஸ்டர் (பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் கருவி) என்றால், லைனர் டிரம்மில் முட்டும் வரை இறுக்கி, கால் முதல் அரைச் சுற்று பின்வாங்குங்கள். ஆறு சக்கரத்துக்கும் ஒரே அளவாகச் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். சூடாக இருக்கும் டிரம்மில் அட்ஜஸ்ட் செய்யாதீர்கள். ஆறியதும் டிரம் சுருங்கி பிரேக் உரசிக்கொண்டே ஓடும். தானியங்கி அட்ஜஸ்டரில் ராட் அதிகமாக வந்தால் கையால் திருகிச் சமாளிப்பது தீர்வு ஆகாது. புஷ், பின், லைனர் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது. பட்டறைக்குத்தான் போக வேண்டும். லைனர் 6 மி.மீ.க்குக் கீழே இருந்தாலும் அதே முடிவு.

கடைசியாக, காற்று நிறைந்த நிலையில் சிவப்பு ஹோஸைக் கழற்றுங்கள். டிரெய்லர் ராடுகள் எல்லாம் உடனே வெளியே வந்து பிரேக் பிடிக்க வேண்டும். வராவிட்டால் எமர்ஜென்சி வால்வு வேலை செய்யவில்லை. ஹோஸ் அறுந்த நாளில் டிரெய்லர் தானாக நிற்காது.

7. விளக்கு

பார்க்கிங், பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ். எல்லாம் ஒன்றாக மங்கினால் பல்பை மாற்றிப் பயனில்லை. எர்த் வயர் அல்லது 7 பின் சாக்கெட்டில் பச்சை படிந்திருக்கும். சுரண்டித் துடைத்துப் பாருங்கள். பின்பக்க ரிஃப்ளெக்டர் டேப்பில் உள்ள சேற்றையும் ஈரத்துணியால் துடையுங்கள். இரவில் சாலையோரம் நிற்கும் டிரெய்லரைப் பின்னால் வருபவருக்குக் காட்டுவது அதுதான்.

8. எடுப்பதா, மறுப்பதா

எல்லாப் பழுதுக்கும் வண்டியை நிறுத்த முடியாது என்பது உண்மைதான். மட்கார்டு உடைந்திருக்கலாம், ஒரு பக்க மார்க்கர் லைட் எரியாமல் இருக்கலாம். எழுதி அனுப்பிவிட்டு ஓட்டலாம். கிங் பின், வெல்டிங் விரிசல், நகர்ந்த ஆக்சில், காற்றுக் கசிவு, அளவு மீறிய புஷ் ராட், கிரீஸ் பட்ட லைனர், காற்றில்லாத டயர், எரியாத பிரேக் லைட், காலாவதியான எஃப்சி: இதில் ஒன்று இருந்தாலும் நகர்த்தாதீர்கள்.

லோடு ஏற்றும் முன்பே மறுக்க வேண்டும். காலி டிரெய்லரில் டயர் மாற்ற அரைமணி நேரம். 25 டன் காயிலைச் சுமந்த டிரெய்லரில் அதே டயருக்குப் பெரிய ஜாக்கியும் கெட்டித் தரையும் தேட வேண்டும். சேலத்தில் இருக்கும் வரை சங்ககிரி, நாமக்கல் பட்டறைகள் பக்கத்தில்தான். பட்டைக்கும் பிரேக்குக்கும் ஆள் கிடைக்கும்.

போனில் வாயால் மட்டும் சொன்னால் நாளை அது சொன்னதாகவே இருக்காது. படத்தோடு வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள். இந்த அளவுக்கு எழுதினால் போதும்:

"அண்ணா, டிரெய்லர் நம்பர் படத்துல இருக்கு. காலை 6.40க்குப் பார்த்தேன். இடது பக்கம் 2வது ஆக்சில் உள் டயர் 60 பிஎஸ்ஐ தான் இருக்கு. வலது பக்கம் 3வது ஆக்சில் புஷ் ராட் இரண்டரை அங்குலம் வருது. ரெண்டையும் சரி பண்ணாம லோடுக்குப் போக முடியாதுங்க. பட்டறைக்கு எடுத்துட்டுப் போகட்டுமா, இல்ல வேற டிரெய்லர் தர்றீங்களா?"

நேரம், சக்கரத்தின் இடம், அளவு, உங்கள் கேள்வி. 'பிரேக் சரியில்ல' என்று மட்டும் அனுப்பினால், 'மெதுவா ஓட்டிட்டு வாங்க' என்றுதான் பதில் வரும். அளவு எழுதியிருந்தால் அப்படிச் சொல்ல யாருக்கும் கை வராது. கோபத்தோடு எழுத வேண்டாம். பழுது உங்கள் மேல் வராமல் இருக்க எழுதுகிறீர்கள், சண்டைக்கு இல்லை.

9. வீணாய்ப் போன நேரத்தை எழுதி வைத்தல்

பேட்டா (ஓட்டுநர் படி) ட்ரிப்புக்கு என்று பேசியிருந்தால், காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் கையிலிருந்து போகிறது. ஹால்டிங் (காத்திருந்ததற்கான தொகை) கேட்க வேண்டுமென்றால் கணக்கு வேண்டும். யார்டுக்கு வந்த நேரம், பழுதைச் சொன்ன நேரம், சரியாகிக் கிளம்பிய நேரம், லோடிங் கேட்டில் ரிப்போர்ட் செய்த நேரம், உள்ளே போன நேரம், லோடு முடிந்து வெளியே வந்த நேரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். அந்தந்த நிமிடத்திலேயே எழுத வேண்டும். கணக்கு முடிக்கும் நாளில் நினைவிலிருந்து எழுதினால் யாரும் ஏற்க மாட்டார்கள். லாரி ரசீதின் பின்பக்கம் கேட்டில் நேரம் போட்டு முத்திரை வாங்க முடிந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஹால்டிங் எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு, எவ்வளவு என்பதை ட்ரிப் பேசும்போதே கேட்டு வையுங்கள்.

இ-வே பில்லிலும் (சரக்கை எடுத்துச் செல்வதற்கான மின்னணுச் சீட்டு) கண் இருக்கட்டும். 200 கி.மீ.க்கு ஒரு நாள் கணக்கு. சேலத்திலிருந்து சென்னை சுமார் 340 கி.மீ., அதனால் 2 நாள். டிரெய்லர் பழுதில் ஒரு நாள் போனால் பில்லின் காலம் வழியிலேயே முடிந்துவிடலாம். முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிருந்து முடிந்த 8 மணி நேரம் வரை நீட்டிக்கலாம். நீட்டிப்பது ஆபீஸ் வேலை, ஆனால் நேரத்தோடு நினைவூட்ட வேண்டியது நீங்கள். ஹார்ஸ் மாறினால் புது வண்டி எண்ணைப் பகுதி 'பி'யில் ஏற்றச் சொல்லுங்கள்.

10. முதல் 50 கி.மீ., பிறகு தொப்பூர்

லோடோடு கிளம்பி 40, 50 கி.மீ.யில் ஒருமுறை நிறுத்துங்கள். புறங்கையை ஒவ்வொரு ஹப் அருகிலும், டிரம் அருகிலும் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், வெக்கையே சொல்லும். டிரம் மட்டும் கொதித்தால் பிரேக் உரசுகிறது. ஹப் மூடி கொதித்தால் பேரிங். ஒரே ஒரு சக்கரம் மட்டும் குளிர்ச்சியாக இருந்தால், அதில் பிரேக்கே பிடிக்கவில்லை. நட்டுக் கோடுகளையும் கட்டிய செயினையும் அப்போதே பாருங்கள்.

தொப்பூர் கணவாய் தருமபுரியிலிருந்து சேலம் வரும் பக்கம்தான் இறக்கம். அதாவது பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரியில் டிரெய்லர் மாற்றிக்கொண்டு திரும்பும்போது, அறிமுகம் இல்லாத டிரெய்லரோடு, களைத்த உடம்போடு அந்த இறக்கத்தைச் சந்திக்கிறீர்கள். அங்கே மாட்டும் டிரெய்லருக்கும் இதே சோதனை முழுதாக வேண்டும். பாளையம் சுங்கச்சாவடி தாண்டி இறக்கம் தொடங்கும் முன்பே ஓரிடத்தில் நிறுத்தி, காற்று முள் முழுதாக இருக்கிறதா என்று பார்த்து, டிரம் ஆறட்டும்.

கியரை இறக்கம் தொடங்குவதற்கு முன்பே குறைத்துவிடுங்கள். இறங்கத் தொடங்கிய பிறகு குறைக்கப் போனால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது அங்கே நடந்த பல விபத்துகளுக்குக் காரணம். நியூட்ரலில் இன்ஜின் பிடிப்பும் இல்லை, எக்ஸாஸ்ட் பிரேக்கும் உதவாது. முழு வேலையும் லைனர் மேல் விழும். பிரேக்கைத் தொடர்ந்து லேசாக மிதித்துக்கொண்டே இறங்காதீர்கள். உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டு, மறுபடி மிதியுங்கள். இடையில் விடும்போதுதான் டிரம்முக்குக் காற்று படும், டேங்கிலும் காற்று ஏறும்.

11. வழியில் நின்றுவிட்டால்

ஹசார்டு போட்டு, முடிந்த மட்டும் தார்ச்சாலையை விட்டு இறக்கி, முதலில் கட்டை. எச்சரிக்கை முக்கோணம் 50 மீட்டருக்குக் குறையாமல் பின்னால். வளைவு இருந்தால் வளைவுக்கு முன்பே. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, காயம் என்றால் 108. காற்று இறங்கி ஸ்பிரிங் பிரேக் உட்கார்ந்துவிட்டால், சேம்பர் பின்னால் உள்ள போல்ட்டைக் கொண்டு ஸ்பிரிங்கைச் சுருக்கி விடுவிக்கலாம், கட்டை போட்ட பிறகு மட்டும். ஸ்பிரிங் சேம்பரின் வளையத்தை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள். உள்ளே அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் ஆளையே கொன்றுவிடும்.

12. டிரெய்லரைத் திரும்ப விடும்போது

கெட்டித் தரையில் நிறுத்துங்கள். மழை பெய்த மண்ணில் லேண்டிங் லெக் புதைந்து, அடுத்தவர் மாட்ட வரும்போது உயரம் கெட்டிருக்கும். மண்தான் கிடைத்தது என்றால் லெக் அடியில் பலகை கொடுங்கள். கட்டை போட்டு, லெக்கைத் தரையில் பதியும் வரை இறக்கி, சிவப்பு ஹோஸை முதலில், மஞ்சளைப் பிறகு கழற்றுங்கள். டர்ன்டேபிள் பூட்டை அதற்குப் பிறகுதான் இழுக்க வேண்டும். ஹோஸை மறந்து ஹார்ஸை முன்னுக்கு எடுத்தால் கப்ளிங்கோடு பிய்த்துக்கொண்டு வரும்.

ஓட்டும்போது கண்ட பழுதை டிரெய்லரின் முன் பலகையில் தேதியோடு சாக்பீஸால் எழுதுங்கள்: '3வது ஆக்சில் வலது, ஹப் சூடு' என்பது போல. அதையே படம் எடுத்து ஆபீஸுக்கும் அனுப்புங்கள். மாட்ட வரும் அடுத்த ஓட்டுநர் கிங் பின்னைப் பார்க்கக் குனியும்போது அந்த எழுத்து அவர் கண் எதிரில் இருக்கும்.